எட்டுத் துண்டுப் பாண்

1

எனக்கு இப்போதெல்லாம் அழிறப்பரைக் கண்டாலே குமட்டுகிறது. நம்ம ஊரில் வெறும் ரப்பர். இங்கே அதற்கு இப்படிப் பேர். பென்சில் எழுத்தை அழிக்கும்போது சுருண்டு சுருண்டு விழுமே ஓர் அழுக்கு, அது என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது, நைட்டி மடிப்பில் கிடக்கிறது, ஒருநாள் ரசத்தில் மிதந்தது. ஒரு சின்ன ரப்பரின்மேல் இத்தனை வெறுப்பு எதற்கு என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம். சொந்தக்காரர்கள் போனில் கூப்பிட்டால், "ஒனக்கென்னட்டி, ஃபாரின்காரி" என்கிறார்கள். என் ஃபாரின் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கீழே மீன்கடை. மாதா கோயில் மணிகூட நம்ம ஊர் மணி மாதிரியேதான் அடிக்கிறது. ஒரே கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். அதற்குத் தவறாமல் விசா.

இந்த முறை விசாவைப் புதுப்பிக்கப் போனபோது பள்ளிக்கூட விடுமுறை. மூத்தவள் ஷெரினும் கூட வந்தாள். ஒரு நகல் கேட்டால் மூன்று கொண்டுபோகிற ஆள் நான். ஒன்று தொலைந்துவிட்டால்? மழையில் நனைந்துவிட்டால்? அதிகாரி அதன்மேல் தேநீரைக் கொட்டிவிட்டால்? அந்த அதிகாரிப் பெண் எதையும் கொட்டவில்லை. தாள்களைப் புரட்டிக்கொண்டே, "லமய் கீதெனாத?" என்று சிங்களத்தில் கேட்டாள். எத்தனை பிள்ளைகள் என்று அர்த்தம். எனக்குப் புரிந்துவிட்டதே என்ற பெருமையில், "தெகாய்" என்று சட்டென்று சொன்னேன். பக்கத்து மேசைவரை சிரிப்பு. அவர்களுக்கு ஆட்களை எண்ண ஒரு சொல், பொருளை எண்ண வேறு சொல். என் இரண்டு பெண்களையும் நான் தேங்காய்க் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

படி இறங்கும்போது ஷெரின் என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

"அம்மா, இனி நீங்க ஒண்டும் கதைக்காதீங்கோ. நான் கதைக்கிறன்."

அவளுக்கு ஒன்பது வயது.

2

ஷெரின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் என்று ஒரு பரீட்சை எழுத வேண்டும். நம்ம ஊரில் பத்தாம் வகுப்புக்கு வருகிற காய்ச்சல் இங்கே பத்து வயதிலேயே வந்துவிடுகிறது. அதுவும் பிள்ளைகளுக்கு வருவதில்லை, தாய்மாருக்கு வருகிறது.

கொட்டாஞ்சேனையில் டியூஷன் இல்லாமல் இல்லை. ஆனால் வெள்ளவத்தையில் படித்தால்தான் படித்த மாதிரி என்று இங்கே ஒரு நினைப்பு. சனியும் ஞாயிறும் இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். சின்னவள் ஜெனிக்கு ஆறு வயது. அவளை யாரிடம் விடுவது? கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நம்ம ஊரில் சந்து, ஒரு வீட்டின் இரண்டாவது மாடியை வகுப்பாக்கி இருக்கிறார்கள். நடத்துகிறவரை எல்லாரும் சேர் என்றே சொல்வதால் நானும் சாரைச் சேர் என்கிறேன். ஒரு அறைப் பிள்ளைகளுக்கு மைக் பிடித்துப் பாடம் நடத்துவார். அவர் சத்தம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் எங்கள் காதிலும் விழும். விழவேண்டும் என்றுதான் அந்த மைக் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் பின்னம் தொடங்கிய அன்று சேர் தாய்மாரைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"பெற்றோரே, பின்னம் விளங்காத பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வெறும் கனவு. விளங்க வைக்கிறது உங்கட கையில. நான் தினமும் ஒரு தாள் அனுப்புவன். பிள்ளை வீட்டில செய்யவேணும். பின்னேரம் எட்டு மணிக்கு முன்னம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குறூப்பில போடவேணும். ஒரு மாசம் பாத்திட்டு விசேஷ வகுப்புக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வன்."

விசேஷ வகுப்பு என்றால் ஏசி அறை, நாற்காலி மேசை, சேரே நேரில். தெரிவாகாத பிள்ளைகளுக்கு வெளி நடையில் பாய். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். சேரின் தங்கச்சி பாடம் எடுப்பார். படிக்கட்டில் உட்கார்ந்தால் அந்தப் பாய்தான் கண்ணில் படும். ஈரக் குடையும், பொரித்த ரோல்ஸின் எண்ணெயும், பினாயிலும் சேர்ந்து அங்கே ஒரு வாடை. என் பிள்ளை அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போய் எழுந்திருப்பதை நான் கண்ணை மூடாமலே பார்த்துவிடுவேன்.

அந்த வகுப்பு வாசலில் மட்டும் ஷெரின் என்னை "மம்மி" என்பாள். செருப்பைக் கழற்றும்போது மம்மி, திரும்பி வந்து மாட்டும்போது அம்மா.

3

டிலானி கிருலப்பனையிலிருந்து வருவாள். மகன் நிரோஷன் ஷெரினுக்குப் பக்கத்து இருக்கை. நல்ல பெண், எனக்குச் சூடாக ரோல்ஸ் வாங்கித் தருவாள். ஒருநாள் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அது நிரோஷனுக்குக் குடுத்த தாளா?"

"ஓம் அக்கா, இண்டைக்குரியது."

"அவன் செய்யலையா?"

"செய்தவன், செய்தவன். ஆறு பிழை. அதைக் குறூப்பில போட ஏலுமா? மானம் போகும். எல்லாத்தையும் அழிச்சிட்டு நானே எழுதுறன்."

"கையெழுத்து காட்டிக் குடுத்துருமே?"

"இடது கையால எழுதிப் பாருங்கோ, அப்பிடியே பிள்ளையின்ட எழுத்து." இடது கையில் பென்சிலை ஆட்டிக் காட்டினாள். "எல்லாம் சரியாப் போடவும் கூடாது அக்கா. எங்கயாவது ஒரு சின்னப் பிழை விடவேணும். அப்பதான் சேர் நம்புவார்."

"அவருக்குத் தெரியாதுன்னா நெனைக்கிய?"

"தெரியும்தான். குறூப்பில எல்லாம் சரியா வந்தா அவருக்கும் நல்லம்தானே. பாத்திட்டுப் புதுப் பிள்ளையள் சேரும்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க இன்னும் பிள்ளையையா செய்ய விடுறீங்க? ஐயோ பாவம்!"

அந்தப் பாவம் எனக்கா ஷெரினுக்கா என்று தெரியவில்லை.

அதன்பிறகு அந்தக் குறூப்பைத் திறந்தாலே எனக்கு வாய் புளிக்கும். பாதி வண்ணம் தீட்டி நிழற்றிய வட்டம், கால் நிழற்றிய சதுரம், எல்லாம் கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படி நிழற்றுமா? ஒருநாள் சேர், "உணவுப் பொருளைக் கொண்டு பின்னம் செய்து காட்டுங்கள்" என்று போட்டார். உடனே ஒருத்தி வாங்கிய பீட்சாவை நடுவில் வைத்துப் படம் போட்டாள். இன்னொருத்தி மூன்று அடுக்குக் கேக். பின்னம் எங்கே என்று தேடினால் கேக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதக் கொடியில் இருந்தது. அதற்குக் கைதட்டுகிற படம் வரிசையாக. சாப்பிடுகிற பொருளை இப்படிக் காட்சிக்கு வைத்தால் எனக்கு உடம்பு கூசும்.

4

எனக்கும் பின்னத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பகுதி வேறு வேறாக இருந்தால் அப்படியே கூட்டக்கூடாது என்பதுவரை டீச்சர் நடத்தியபோது நான் வகுப்பில் இருந்தேன். அப்புறம் எப்படித்தான் கூட்டுவது என்று அவர் சொன்ன வாரம் நான் இறால் கம்பெனியில் இருந்தேன். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. வீட்டில் மூத்தவள் நான். ஐஸில் கைவிட்டு இறால் உரித்து, பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் எழுந்துபோவார். எலுமிச்சை தேய்த்தாலும் அந்த நாற்றம் போகாது. கூட்டக்கூடாது என்பது மட்டும்தான் பின்னத்தில் எனக்குத் தெரியும்; கூட்டத் தெரியாது. அப்படிப்பட்டவள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

ஷெரின் பள்ளிக்கூடம் போனபிறகு அவள் புத்தகத்தைத் திறந்து படித்தேன். புரியாததைக் கையில் பிடித்துப் பார்க்கலாம் என்று காகிதத்தை மடித்தேன். தோடம்பழத்தை, அதான் ஆரஞ்சை, உரித்தால் சுளைகள் ஒன்று பெரிது ஒன்று சிறிது. ஒருநாள் அப்பத்தை எடுத்து நாலாக வெட்டி மேசையில் வைத்தேன்.

"இதுல ஒன்ன எடுத்தா என்ன?"

"கால்" என்றாள் ஷெரின். பிறகு நாலையும் உற்றுப் பார்த்தாள். "ஆனா அம்மா, இந்தத் துண்டில நடு கூடுதலா வந்திருக்கு. இதில ஓரக் கரைதான் கிடக்கு. சமன் எண்டா என்ன, அளவா ருசியா?"

"அளவுதான்."

"அப்ப ஜெனிக்கு அந்தக் கரைத்துண்டைக் குடுங்கோ, அழுறாளா இல்லையா பாப்பம்."

ஜெனி அழுதாள். நான் அப்பத்தைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு, நாளைக்கு வேறு பொருளில் பார்ப்போம் என்றேன். ஆனாலும் அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. அவள் கதைக்கிறேன் கதைக்கிறேன் என்று எல்லா இடத்திலும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்த மேசையில் மட்டும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிழையோ சரியோ, அவள் எழுதியதை அப்படியே அனுப்பினோம். பாதிக்குச் சிவப்புக் குறி வரும். "மற்றப் பிள்ளையளுக்கு எல்லாம் சரி" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வாள். எனக்கு அந்தப் பாயும் கழிப்பறைக் கதவும் ஞாபகம் வரும். போகப் போகச் சிவப்புக் குறைந்தது. இன்னும் இரண்டு நல்ல தாள் அனுப்பினால் ஏசி அறைதான் என்று டிலானியே சொன்னாள்.

5

மாதம் முடிகிற நேரத்தில் அந்தப் பாண் தாள் வந்தது. பாண் என்றால் நம்ம பிரெட். ஒரு நீளமான பாண் படம், எட்டுத் துண்டாக வெட்டிக் கோடு போட்டிருந்தது. கீழே: "இப்பாணை உங்கள் குடும்பத்தினருக்குச் சமமாகப் பங்கிடுக. ஒவ்வொருவரின் பங்கையும் வேறு வேறு நிறத்தால் காட்டுக. ஒருவருக்குக் கிடைக்கும் பங்கைப் பின்னமாக எழுதுக."

இது எனக்கே தெரிந்தது. நாலு பேர், எட்டுத் துண்டு, ஆளுக்கு இரண்டு. எட்டில் இரண்டு, அதாவது கால். நிம்மதியாக அடுப்படிக்குப் போய் மீன் குழம்பைக் கூட்டி வைத்தேன். திரும்பி வந்தபோது ஷெரின் முடித்துவிட்டிருந்தாள். அழகாக நிழற்றி இருந்தாள். இரண்டு துண்டு நீலம், இரண்டு ரோஸ், இரண்டு மஞ்சள். இரண்டு ஓரத்திலும் இருந்த துண்டுகளில் மட்டும் நிறம் இல்லை. பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. விடை: ஆறில் இரண்டு, அதாவது மூன்றில் ஒன்று.

"எட்டுத் துண்டு இருக்கேம்மா. ஆறுன்னு போட்டுருக்க?"

"கரை ரெண்டையும் கழிச்சிட்டன்."

"ஏன் கழிச்ச?"

"கரை பங்கில சேராதே."

"சரி, நம்ம வீட்டுல எத்தன பேரு?"

"நாலு."

"நீ மூணு பேருக்குத்தான பிரிச்சிருக்க?"

நீலத்தைத் தொட்டாள், அப்பா. ரோஸ், அவள். மஞ்சள், ஜெனி. பிறகு கோடு போட்ட ஓரத் துண்டுகளைத் தொட்டாள்.

"இது உங்களுக்கு. நீங்க கரைதானே தின்னுறனீங்க? உங்களுக்கு அதுதான் விருப்பம் எண்டு நீங்கதானே சொன்னனீங்க?"

சொல்லியிருக்கிறேன். தெருமுனை பேக்கரியில் மெசினில் வெட்டித் தரும் பாணை வாங்கி வந்தால் இரண்டு ஓரத் துண்டும் யாருக்கும் வேண்டாம். தோல் தடிப்பாக, மறுநாளே காய்ந்துவிடும். எறிய மனம் வராது. தேநீரில் நனைத்து நின்றபடியே தின்பேன். பிள்ளைகள் கேட்டால், எனக்கு இதுதான் பிடிக்கும் என்பேன். தூத்துக்குடியில் என் அம்மாவும் சீலா மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை அப்பாவுக்கும் தம்பிகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியைச் சோற்றால் துடைத்து உருட்டித் தின்பாள். "சட்டி ருசி சட்டிக்காரிக்குத்தான் தெரியும்" என்பாள். அதையும் நாங்கள் யாரும் பங்கு என்று எண்ணியது கிடையாது. எனக்கு வால் துண்டு வரும். எனக்கு வால் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

அந்த நேரம் என் வீட்டுக்காரர் புறக்கோட்டை இரும்புக் கடையிலிருந்து வந்து சேர்ந்தார்.

"என்ன, இந்தியாக்காரி முகம் ஒருமாதிரிக் கிடக்கு?"

தாளை நீட்டினேன். பார்த்தார். சிரித்தார். நல்ல மனம்விட்ட சிரிப்பு.

"பிள்ளை சரியாத்தானே போட்டிருக்கு? எங்கட வீட்டுக் கணக்கு இதுதானே!" சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அழிச்சிட்டு நாலில ஒண்டு எண்டு போட்டு அனுப்பு விமலா. தெரிவு செய்யிற நேரம். இதைக் குறூப்பில பாத்தா சனம் சிரிக்கும்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. டிலானியின் இடது கையைவிடப் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் சரியாத்தான் போட்டிருக்கு என்று சொன்ன வாய் மூடும் முன்னே அழித்துவிடு என்றது. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

அழிறப்பர் என் கையில்தான் இருந்தது. ஓரத் துண்டுகளின் குறுக்குக் கோட்டை அழித்து நாலாவதாக ஒரு பச்சை போட எவ்வளவு நேரம் ஆகும்? விடை சரியாகும். ஏசி அறை கிடைக்கும். சேரின் தாளில் அம்மாவுக்குக் கால் பங்கு இருக்கும். மேசையில் கரை இருக்கும். தாளுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று என் பிள்ளை படித்துக்கொள்வாள். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துத்தானே எனக்கு இத்தனை நாள் குமட்டியது?

6

ஜன்னல் பக்கம் போய் அழிறப்பரை வைத்துவிட்டு, பேக்கரிப் பையை எடுத்து வந்தேன். நாலு தட்டை மேசையில் வைத்தேன். படத்தில் இருந்ததுபோல இரண்டு ஓரத்தோடும் எட்டுத் துண்டு எடுத்து வரிசையாக அடுக்கினேன்.

"பிரிச்சு வை பாப்போம்."

ஷெரின் மணிக்கூட்டைப் பார்த்தாள். "அம்மா, எட்டு மணிக்கு முன்னம் அனுப்பவேணும்."

"அனுப்பலாம். பிரி."

டக் டக்கென்று வைத்தாள். அப்பாவுக்கு இரண்டு, தனக்கு இரண்டு, ஜெனிக்கு இரண்டு, எனக்கு இரண்டு கரை.

"சமனா இருக்கா?"

"ஓம். எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு." அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. "அட, நாலு பேருக்கும் வருது! அப்ப எட்டில ரெண்டு. நான் பிழையாப் போட்டுட்டன்." ஜன்னலில் இருந்த அழிறப்பரை எடுக்க எழுந்தாள்.

"இரு. சமன்னா, எந்தத் தட்ட யாரு எடுத்தாலும் சரிதானே?"

"ஓம்."

"அப்ப என் தட்ட நீ எடுத்துக்க. ஒன் தட்ட எனக்குத் தா."

நான் தட்டை அவள்பக்கம் நகர்த்தினேன். அவள் எடுக்கவில்லை. கரை இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனி தன் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"ஏலாது" என்றாள் ஷெரின்.

"ஏன்? ரெண்டு ரெண்டுதானே?"

"காய்ஞ்சு கிடக்கு."

"எனக்கு மட்டும் காயலையா?"

வீட்டுக்காரர் அறை வாசலிலிருந்து, "சின்னப் பிள்ளையோட என்ன வழக்கு? நேரம் போகுது" என்றார். ஷெரின் அவர் பக்கம் திரும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டுகளிலிருந்த எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வரிசையில் வைத்தாள். கரையை அப்பாவின் தட்டில் வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். தன் தட்டில் வைத்தாள். எடுத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"யாருக்கு வைச்சாலும் ஒரு ஆளுக்குப் பிழையா வருது!"

"ஆமா. என்ன செய்யலாம்?"

நான் தெரிந்துகொண்டு கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. அவள்தான் கத்தியை எடுத்தாள். விரலை வெட்டிக்கொண்டால்? தட்டுகளைத் தள்ளி இடம் விட்டேன். ஒரு கரையை நடுவே வெட்டினாள். மற்றதையும் வெட்டினாள். ஆளுக்கு அரைக் கரை வைத்தாள். மீதி ஆறு நல்ல துண்டு. ஆளுக்கு ஒன்று போட்டாள், இரண்டு மிஞ்சியது. அதையும் நடுவே வெட்டி ஆளுக்கு அரை. நாலு தட்டிலும் ஒன்றரை நல்ல துண்டு, அரைக் கரை.

"எல்லாம் சேத்தா எவ்வளவு?" என்றேன்.

"ஒண்டரையும் அரையும் ரெண்டு. எட்டில ரெண்டு." மூக்கை உறிஞ்சினாள். "கால்தான் அம்மா. ஆனா இதுதான் சமன்."

பிறகு தாளில் நிறத்தை அழித்தாள். ரோஸ் நிறம் முழுக்கப் போகாமல் அப்பிக்கொண்டது. வேண்டிய துண்டுகளுக்கு நடுவே கோடு போட்டு, நாலு நிறத்தில், கோட்டுக்கு வெளியே போய், தாள் ஒரு இடத்தில் கிழிந்து, அவள் முடிக்கும்போது எட்டு தாண்டிப் பத்து நிமிடம். போட்டோ எடுத்துப் போட்டேன். அத்தனை சுத்தமான எட்டில் இரண்டுகளுக்குக் கீழே எங்கள் தாள் சேற்றில் விழுந்து எழுந்ததுபோல் கிடந்தது.

சேரின் பதில் உடனே வந்தது. "நேரம் கடந்த தாள் கணக்கில் சேராது. படம் அசுத்தம். துண்டுகளை மேலும் வெட்டும்படி கேட்கப்படவில்லை. பெற்றோர் கவனிக்கவும்." டிலானி தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: "என்ன அக்கா இது? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் செய்து தந்திருப்பனே."

அவள் நல்ல மனதோடுதான் அனுப்பினாள். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

7

விசேஷ வகுப்பில் ஷெரினுக்கு இடம் இல்லை. நிரோஷனுக்குக் கிடைத்தது. ஷெரின் ஒருவாரம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. "உங்களாலதான். நீங்க மட்டும் மற்ற அம்மாமார் மாதிரி இருந்திருந்தா..." என்று பஸ்ஸில் ஆரம்பித்து, மற்றவர்கள் திரும்பிப் பார்க்க, நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்னதில் பிழை இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்த வகுப்பே வேண்டாம் என்று நிறுத்தினேனா? இல்லை. இன்னும் சனி ஞாயிறு வெள்ளவத்தைக்குப் போகிறோம். என் பிள்ளை பாயில் உட்கார்ந்து படிக்கிறாள், பினாயில் வாடையில். இதைவிட்டால் வேறு இடம் கிடைக்காவிட்டால்? பரீட்சையில் பின்தங்கிவிட்டால்? பிறகு எட்டாவதோடு நின்றவளின் மகள்தானே என்று சொல்லிவிட்டால்? இப்படிக் குமட்டிக்கொண்டே டியூஷன் பீஸ் கட்டுகிறேன். மற்றவர்களைப் பார்த்துக் காறித் துப்புவது சுலபம்; நானும் அந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வந்து காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பாணும் பருப்பும். நான் அடுப்படியிலிருந்து பருப்பை எடுத்து வருவதற்குள் ஷெரின் நாலு தட்டிலும் வைத்து முடித்திருந்தாள். வீட்டுக்காரர் தன் தட்டைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன மகள், கரை?"

"உங்கட பங்கு."

"நான் கரை தின்னுறதில்லையே."

"அரைத்துண்டுதானே அப்பா. எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு, பாருங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் பருப்பை ஊற்றினேன். அவர் அந்தக் கரையைப் பருப்பில் நன்றாக முக்கி, முகத்தைச் சுளித்து, வெகுநேரம் மென்றார். ஜெனி தன் கரையை மேசைக்கடியில் போட்டுவிட்டு எதுவும் தெரியாததுபோல் இருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இருந்து சாப்பிடுங்கோ" என்றாள் ஷெரின்.

உட்கார்ந்தேன். நடுத்துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். மெத்தென்று, உப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல், வாயில் போட்டதும் கரைந்துபோனது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விடை சரியா பிழையா என்று பார்ப்பதுபோல.

"அம்மா, உண்மையாச் சொல்லுங்கோ. உங்களுக்கு எது விருப்பம்? நடுவா, கரையா?"

எனக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்டது கிடையாது. நானும் கேட்டுக்கொண்டது கிடையாது. வால் துண்டா நடுத்துண்டா, இந்தக் கரையா அந்தக் கரையா, எதுவும் என்னிடம் கேட்டு வைக்கப்படவில்லை.

"தெரியலைம்மா" என்றேன். "இன்னொரு துண்டு தின்னுட்டுச் சொல்லுதேன்."

அவள் தன் தட்டிலிருந்த அரை நடுத்துண்டை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். அதில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.